கழுதைக்குட்டிக்கு எத்தினி ஸ்டாரு?

வாடா பேராண்டி, இந்தத் திண்ணையில குந்து. வெயிலு தாழட்டும், அப்பால ஊட்டுக்குள்ள போவலாம். கையில இன்னாடா காகிதம்? காட்பாடியில உன் காலேஜைச் சுத்திக்கீற கடைங்களுக்கு மார்க்கு போட்டிருக்கியா? ரோல் கடை ஒண்ணு, ஷவர்மா கடை ஒண்ணு, பர்ரிட்டோ கடை ஒண்ணு. ருசிக்குத் தனி மார்க்கு, அளவுக்குத் தனி மார்க்கு, ஆம்பியன்ஸுக்குத் தனி மார்க்கு. ஏன்டா, பரீட்சையில நீ வாங்குன மார்க்கை ஒருநாளாச்சும் இப்பிடிக் கட்டம் போட்டு எனக்குக் காட்டியிருக்கியா?

சரி, பர்ரிட்டோன்னா இன்னா அர்த்தம், சொல்லு பாப்போம். தெரியாதா? ஸ்பானிஷ் பாஷையில கழுதைக்குட்டிடா அது. மூட்டை ஏத்துன கழுதை மாதிரி புடைச்சிகினு கீறதால வந்த பேருன்னு சொல்றவங்க கீறாங்க. நம்ம பாலாத்தங்கரையில அந்தக் காலத்துல துணி மூட்டையோட கழுதைங்க வரிசையா போவும். எந்தக் கழுதைக்கு எவன் ஸ்டாரு போட்டான்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு பெரியவங்க கேட்டாங்க. இப்ப கழுதையே வாசனையா வந்து தட்டுல குந்திகினு கீது. மோந்து பாக்கற வேலை நம்மளுது ஆயிடுச்சு.

அதைப் பிரிச்சா உள்ள இன்னாதான் கீது? மேல மைதா சப்பாத்தி. உள்ள எலுமிச்சை பிழிஞ்ச கொத்தமல்லிச் சோறு. காராமணிக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி ஒரு பயறு. ரெண்டு துண்டு கறி. வெங்காயம் தக்காளி நறுக்கிப் போட்ட பச்சடி. கூடவே புளிச்ச பாலேடு. அட, கட்டுச்சோறுடா இது! உங்க பாட்டி மந்தார இலையில கட்டிக் குடுப்பா. நாங்க சோத்தைத் துன்னுட்டு இலையை ஆட்டுக்குப் போட்டோம். நீங்க இலையையும் சேத்துத் துன்னுட்டு வெள்ளித்தாளை மிச்சம் வைக்கிறீங்க. அதை எந்த ஆடு மோந்து பாக்கும்?

கட்டுச்சோத்துக் கதை இன்னும் கேளு. 1856-ல, ஜூலை 1-ஆம் தேதி, ராயபுரத்துலேருந்து நம்ம வாலாஜா ரோட்டுக்கு ரயிலு வந்துச்சு. தென்னாட்டுக்கே அதுதான் மொத பாசஞ்சர் ரயிலு. ஏறக்கொறைய நூறு கிலோமீட்டரு. அப்பால அந்தத் தடத்துல குந்திகினு வந்தவன் எத்தினி பேரு மடியில கட்டுச்சோத்து மூட்டை இருந்திருக்கும்! பிரிச்சான், துன்னான், ஏப்பம் விட்டான். அந்த ஏப்பம்தான்டா அவன் போட்ட ஸ்டாரு.

கடைக்காரனை நான் கொறை சொல்லமாட்டேன். அவன் வெவரமானவன். 1993-ல அமெரிக்காவுல டென்வர்னு ஒரு ஊர்ல ஸ்டீவ் எல்ஸ்னு ஒரு சமையக்காரரு அப்பாகிட்டக் கடன் வாங்கிக் கடை போட்டாரு. எங்க போட்டாரு? பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துல, ஒரு பழைய ஐஸ்கிரீம் கடையில. நாளைக்கு 107 பர்ரிட்டோ வித்தா கட்டுப்படியாவும்னு கணக்கு. ஒரே மாசத்துல ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. அதுதான் இன்னிக்கு சிபோட்லேன்ற பர்ரிட்டோ கம்பெனி. அப்பால பர்ட் முல்லர்னு ஒரு அமெரிக்கப் பையன். 2010-ல இந்தியாவுக்குப் படிக்க வந்தான். 2012-ல பெங்களூருல கலிஃபோர்னியா பர்ரிட்டோன்னு கடை தொறந்தான். பாத்தியா? ஒருத்தன் காலேஜுக்காரனுக்குப் பக்கத்துல கடை போட்டான். இன்னொருத்தன் படிக்க வந்த நாட்டுலயே கடை போட்டான். ரெண்டு பேரும் அடுப்பைப் போட்டாங்க. நீ மார்க்கைப் போடற.

போன மாசம் என்னையும் ஒரு கடைக்கு இஸ்துகினு போனியே, மறக்குமா? கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு பொண்ணு, கையில உறை. வெள்ளைச் சோறா, பழுப்புச் சோறா? கருப்புப் பயறா, செவப்புப் பயறா? காரம் எத்தினி? ஏன் நைனா, பொண்ணு பாக்கப் போனப்பகூட என்னை இத்தினி கேள்வி கேக்கலடா. எது எதோட சேரும்னு தெரிஞ்சவன்தான சமையக்காரன்? அதையும் நானே சொல்லணும்னா என் ஊட்லயே ஆக்கித் துன்னுட்டுப் போறேன். கடைசியில பட்டர் ஃப்ரூட்டை மசிச்சு ஒரு கரண்டி வெச்சுட்டு, அதுக்குத் தனித் துட்டுன்னா. ஆம்பூர்ல போயி எண்ணெய்க் கத்திரிக்காய்க்குத் தனியா பில்லு போடச் சொல்லு பாப்போம். அன்னிக்கே கடையில பஞ்சாயத்து. இத்தினிக்கும் நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. அப்பவும் நம்ம பக்கத்துக் கத்திரிக்கா தலைக்கனம் இல்லாம பிரியாணி ஓரமா குந்திகினுதான் கீது.

ரோலுக்கு நாலு ஸ்டாரு போட்டிருக்க. ரோலு எந்த ஊரு சரக்கு? கொல்கத்தா. அங்க நிஜாம்னு ஒரு கடை, அதுதான் அதுக்குத் தாயூடு. ஆனா வேலூருக்கு வங்காளச் சோறு புதுசா? ஐடா ஸ்கடர் அம்மா 1900-ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரிக்கு வடக்கேருந்து ரயிலு ரயிலா ஜனம் வருது. காந்தி ரோட்டுப் பக்கம் போ, வங்காளத்து மீன் கொழம்பு வாசனை உன்னை வழிமறிக்கும். அப்பால 1984-ல நூத்தியெம்பது பேரோட ஆரம்பிச்ச இன்ஜினீரிங் காலேஜு வி.ஐ.டி. ஆச்சு. நாட்டுல கீற அத்தினி ஊருப் புள்ளைங்களும் வந்துடுச்சு. பசி எந்தப் பாஷையில கத்துதோ, அந்தப் பாஷையில கடை மொளைக்கும். இதுல ஒசத்தி இன்னா, மட்டம் இன்னா?

ஷவர்மாவுக்கு வா. கம்பியில சுத்துற கறி. அதுக்கு இன்னா எழுதியிருக்க? "சேர் நல்லா இருந்தது." டேய், சேரையா துன்னப் போற? 2022-ல கேரளாவுல காசர்கோட்டுல, அடுத்த வருஷம் நம்ம நாமக்கல்லுல, ஷவர்மா துன்ன புள்ளைங்க உசிரே போச்சு. அதிகாரிங்க கடை கடையா ஏறி எறங்குனாங்க. பச்சை முட்டையில அடிக்கிற மயோனைஸு ஒரு வருஷத்துக்குக் கூடாதுன்னு 2025 ஏப்ரலு 8-லேருந்து நம்ம கவர்மென்டே தடை போட்டுச்சு. உன் காகிதத்துல கறி இன்னித்துதா நேத்திதான்னு ஒரு கட்டம் கீதா? கை கழுவுறானான்னு ஒரு கட்டம் கீதா? பாட்டு என்னா பாட்டுன்னு மட்டும் கட்டம் கீது.

என் கட்டம் மூணே மூணு, கேட்டுக்க. ஒண்ணு, கடைக்காரன் மத்தியானம் எங்க துன்றான்? சொந்தக் கடைச் சோத்தைத் துன்னாம பக்கத்துக் கடைக்கு நழுவுனான்னா நீயும் அவன் பின்னாலயே போ. ரெண்டு, அண்டா எப்ப காலியாவுது? அண்டா காலியானதும் கடையைச் சாத்துறவன்கிட்ட நேத்தியச் சோறு ஏது? மூணு, தோல் கம்பெனியில நாளெல்லாம் நின்னு வேலை செஞ்சவன் சொந்தத் துட்டுல மறுநாளும் அங்கயே வரானா? அவன் நாக்கை விட நல்ல நோட்டுப் புஸ்தகம் கீதா? இதுக்கு மேல நாலாவது ஒண்ணு கேட்டா, நீ இன்னும் பசியோட போவலன்னு அர்த்தம்.

வெளியூரு சரக்குன்னு நான் மூஞ்சி சுளிக்கிறேன்னு நெனைக்காத. ஆம்பூர் பிரியாணிக்கு நெறம் குடுக்குற காஞ்ச மொளகா எந்த ஊரு? மெக்சிகோ பக்கத்துதுடா. தக்காளியும் அந்தாண்டதான். தோ, நீ கொறிக்கிற மல்லாட்டை தென்னமெரிக்காவுலேருந்து கடல் தாண்டி வந்தது. கப்பல்ல வந்த மொளகாய்க்கு எங்க பாட்டிங்க மார்க்கு போடல. அம்மியில வெச்சு அரைச்சாங்க. இன்னிக்கு அது இல்லாம நமக்குக் கொழம்பு கீதா? உன் கழுதைக்குட்டியும் ஒருநாளு அம்மிக்கு வந்தா வரட்டும். அது வரிக்கும் அதுக்குக் கிரீடம் வைக்காத.

இன்னாடா முணுமுணுக்கற? சத்தமா கேளு. பிரியாணியில ஆம்பூர் ஒசத்தியா, வாணியம்பாடி ஒசத்தியான்னா கேக்கற?

இன்னா கேள்விடா இது! எழுந்திரு, நேரா குந்து. சீரகச் சம்பாவைப் பாதி வேக வெச்சு, தண்ணிய வடிச்சு, மொளகா வெழுது ஏறுன கறியில கொட்டி, மேல தணலைப் போட்டு மூடுறான் பாரு ஆம்பூர்க்காரன்... அங்க ஸ்டாரு கடைப் பேர்லயே கீதுடா. அதுக்காக வாணியம்பாடிக்காரன் எளைச்சவனா? ஒருவாட்டி அங்க கல்யாண ஊட்ல... இரு இரு, அவசரப்படாத. இதை வாயால சொல்ல முடியாது.

அந்தக் காகிதத்தை இப்பிடிக் குடு. பின்னால எடம் கீதா? ரெண்டு கட்டம் போடு. வேணாம், மூணா போடு, ஆற்காட்டை உட்டா கோவிச்சுக்குவாங்க. கறி ஒரு கட்டம், சோறு ஒரு கட்டம், கத்திரிக்கா ஒரு கட்டம்.

சிரிக்காதடா. இது வேற.