கோணற்பல் இலக்கணம்: நூற்பாவும் உரையும்

நூற்பா 1

எத்தும் தெத்தும் இடைவெளிப் பல்லும்
ஒத்துநில் லாவெனின் கோணல் எனப்படும்.

உரை: எத்து என்றது உதட்டை மீறி முன்னே வருவது. தெத்து என்றது அண்டைப் பல்லின் மேல் ஏறி நிற்பது. இடைவெளி வெளிப்படை. மூன்றும் ஒரே வாயில் குடியிருத்தலும் உண்டு. கோரைப்பல் ஏறி நின்றால் அதைச் சிங்கப்பல் என்று வழங்கி, சிரித்தால் அழகு என்பாரும் உளர். ஜப்பானில் இதற்கு யாயெபா என்று பெயர்; ஒழுங்காக இருந்த பல்லைக் காசு கொடுத்துத் தெத்தாக்கிக்கொண்ட இளம்பெண்களும் அங்கே உளர். அப்படியானால் கோணல் என்பது பார்ப்பவர் கண்ணில்தான் உள்ளது எனலாமோ எனின், ஆகாது. நெருக்கியடித்து நிற்கும் பல்லிடுக்கில் பிரஷ் போகாது. அங்கே சொத்தையும் ஈறு வீக்கமும் வசதியாகக் குடியேறும்.

கோணலை வகுத்த மேல்நாட்டு ஆசிரியர் அமெரிக்கரான எட்வர்டு ஆங்கிள். 1899-இல் அவர் செய்த வகுப்பு மூன்றே. ஊரெல்லாம் முன்பல்லைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்லைப் பார்த்தார். மேலதும் கீழதும் சரியாகப் பொருந்தி மற்றவை மட்டும் கலைந்திருந்தால் முதல் வகுப்பு, கீழது பின்தங்கினால் இரண்டாவது, முந்தினால் மூன்றாவது. பெண் பார்க்க வந்தவர் எவரும் இந்த முறையைக் கையாண்டதாகத் தெரியவில்லை.

நூற்பா 2

மெல்லென விடாது தள்ளிய பக்கம்
செல்லுதல் பல்லின் இயல்பென மொழிப.

உரை: இந்நூலின் உயிர்நாடி இது. பல் தாடையெலும்போடு ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் உண்டு. ஒரு பக்கம் அழுத்தம் நீடித்தால் அப்பக்கத்து எலும்பு கரையும். எதிர்ப்பக்கம் புது எலும்பு வளரும். மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகம். பலமாகத் தள்ளிப் பயனில்லை. நாள்தோறும் பல மணி நேரம் தள்ள வேண்டும்.

இங்கே பாட்டி மரபை ஆராய்வோம். "தினம் விரலால உள்ள தள்ளிவிடுடி, சரியாப் போயிடும்" என்பது அம்மரபின் முதல் விதி. விசை சரி, காலம் போதாது. பேத்தி தள்ளுவதோ குளியலறைக் கண்ணாடி முன் இரண்டு நிமிடம். இரண்டாம் விதி, கட்டைவிரல் சூப்பும் பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவுதல். இதில் பாட்டியை மறுக்க இயலாது. இரவெல்லாம் வாயில் கிடக்கும் விரல் மென்மையாக, விடாமல் தள்ளுகிறது. நிலைப்பல் முளைத்த பிறகும் தொடர்ந்தால் முன்பல் எத்துவது திண்ணம். பல்லைக் கெடுத்த விரலும் திருத்தும் கம்பியும் கையாள்வது ஒரே நூற்பாவைத்தான்.

கம்பி என்றது, மக்கள் 'கிளிப்பு' என்பதனை. பல்லில் ஒட்டிய பிராக்கெட்டுகளின் வழியே வளைத்துச் செருகிய கம்பி, தன் பழைய வடிவுக்குத் திரும்ப முயன்று பற்களையும் கூட இழுத்துப்போகும். நிக்கல்-டைட்டானியக் கம்பி இதில் கைதேர்ந்தது. ஏவுகணையின் மூக்குக்கு ஏற்ற உலோகம் தேடிய அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்து, 1970-களில் பல் மருத்துவத்துக்கு வந்து, இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வாயில் கிடக்கிறது.

இடம் போதாத வாயில் நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கலாமா என்பதில் பெரும் பூசல் உண்டு. ஒரு பல்லும் போகக் கூடாது என்று நின்றார் ஆங்கிள். அவர் மாணவர் சார்லஸ் ட்வீட் என்பவரோ, பிடுங்காமல் சீராக்கிய பற்கள் நிலைக்காததைக் கண்டு, பிடுங்கித் திருத்தினார். வடகலை தென்கலை வழக்குப் போல இன்றும் இரு தரப்பாரும் உளர். நோயாளியிடம் எக்கலையார் என்று அறிவிப்பதில்லை.

இட்லிப் புறனடை

கிளிப்பு போட்டவர்க்கு விலக்கப்பட்டவை: முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், பொங்கலன்று கரும்பு. ஆயினும் பிராக்கெட் கழன்று வருவோரை மருத்துவர் வினவுங்கால் நிகழும் உரையாடல் மாறுவதே இல்லை.

"என்னம்மா சாப்பிட்டே?"

"இட்லிதான் டாக்டர்."

எனவே உலகில் பிராக்கெட்டை உடைக்கவல்ல பண்டங்களுள் தலையாயது இட்லி என்று கொள்க. அருகில் நிற்கும் அம்மா அப்போது சுவரிலுள்ள காலண்டரைப் பார்ப்பார். அவர் கைப்பையில் அதிரசம் இருத்தல் கூடும். கம்பியில் சிக்கிய முருங்கைக்கீரையைத் தனி இயலாகவே எழுதலாம், விரிவஞ்சி விடுத்தோம்.

ஒழிபு

ஒன்றரை, இரண்டு ஆண்டில் கிளிப்பைக் கழற்றுவர். வீட்டார் பார்வையில் நூல் இத்துடன் முற்றிற்று. போட்டோ எடுத்தாயிற்று, பணம் கட்டியாயிற்று. ஆனால் இரண்டாம் நூற்பா முற்றவில்லை. இழுபட்ட ஈறு நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கு அழைக்கின்றன. நாக்கும் உதடும் முன்போலவே தள்ளுகின்றன. இதைத் தடுக்கத் தருவது ரிட்டெய்னர்: அண்ணத்தில் பொருந்தும் ரோஜா நிறத் தகடும் முன்பல்லைச் சுற்றி ஒரு கம்பியும். முதலில் நாள் முழுதும், பிறகு இரவில் மட்டும். இரவில் எத்தனை வருடம் என்றால், பல் வேண்டும் மட்டும் என்பதே இன்று மருத்துவர் பலரின் விடை.

ரிட்டெய்னர் தொலையும் இடம் பெரும்பாலும் கல்யாணப் பந்தி. சாப்பிடக் கழற்றி, இலையோரம் வைத்து, பாயசம் வரை வந்து, இலையோடு மடித்துவிடுவர். மண்டபத்தின் பின்கட்டில் எச்சில் இலைக் கூடையை மாமா கிளறுவதும், அத்தை "யாருடா இதை இங்க வைக்கச் சொன்னது" என்பதும் நிகழும். கிடைத்தாலும் மறுபடி வாயில் வைக்க மனம் வராது. ஆதலின் இந்நூல் கற்றோர் டப்பா ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்க. மறந்துவிட்டால், இலையை மடிக்கும் முன் அப்பளத்துக்கு அடியில் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.