501ஆம் யூனிட்: ஒரு பூர்வாங்க ஆய்வு

தமிழ்நாட்டு வீடுகளில் எரியும் மின்சாரத்தில் எந்த யூனிட் மிக விலையுயர்ந்தது என்னும் வினாவை அறிஞர் உலகம் உரிய மரியாதையோடு அணுகவில்லை. விடை 501. 2022 செப்டம்பருக்கு முந்தைய கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் எரித்த வீட்டுக்கு நிலைக்கட்டணம் உட்பட 1,130 ரூபாய். 501 எரித்த வீட்டுக்கோ 1,786 ரூபாய் 60 காசு. ஆக, அந்த ஒற்றை யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு. 2,000 வாட் கெய்சர் அரை மணி நேரத்தில் குடித்துவிடும் சரக்கு அது!

500ஐத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101ஆம் யூனிட்டிலிருந்தே கணக்கு மாறுகிறது. (முதல் 100 யூனிட் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இலவசம், அதில் கை வைப்பதில்லை.) 2022 கட்டண ஆணையில் 500க்கு 1,725, 501க்கு 1,958 என்றாயின. ஊருக்கெல்லாம் கட்டணத்தை ஏற்றிய அதே ஆணையில் 501ஆம் யூனிட் மட்டும் 233 ரூபாய்க்கு இறங்கிப் பெருந்தள்ளுபடி கண்டது.

இனி மாந்தர் நடத்தை. 450க்கும் 500க்கும் இடையே வாழ்வோரை இவ்வாய்வு 'எல்லைவாசிகள்' என வகைப்படுத்துகிறது. முதல் மாதம் ஆளில்லாத கூடத்தில் டிவி பாடும். கணக்கெடுப்பு நெருங்கும் வாரத்தில் குடும்பத்தலைவர் மீட்டர் பெட்டிக்கு முன் நிற்பார். டிஜிட்டல் மீட்டரோ தேதி, நேரம், வோல்டேஜ் என ஒவ்வொன்றாகக் காட்டி, கேட்டதைக் கடைசியில்தான் சொல்லும். போன முறை எடுத்த ரீடிங்கைக் கழித்துப் பார்த்து 487 என்று கண்டால், அன்றிரவு ஏசிக்கு ஓய்வு. கணக்கெடுப்பவர் இரண்டு நாள் தாமதித்தால் வீட்டில் போர்க்கால ஒழுங்கு.

மீட்டரைப் பார்க்கும் வழக்கமே இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே கட்டணம்தான். அவர் 520ல் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். சிக்கனத்தைப் பிறப்பிப்பது விலை அல்ல, எண் கண்ணில் படுவது என்பதே இவ்வாய்வின் துணிபு.

இன்னும் விசித்திரம், தோற்றவர்களின் போக்கு. மீட்டர் 503 காட்டியதும் "தாண்டியாச்சு, இனி என்ன, போடு ஏசியை" என்று அதே தலைவர் ஆணையிடுகிறார். 2022 கணக்கில் அடுத்த யூனிட் 8 ரூபாய். அதே கணக்கில் 500க்குள் எந்த யூனிட்டுக்கும் 6 ரூபாய்க்கு மேல் இருக்கவில்லை. விலை ஏறிய பிறகே கை தாராளமாகிறது.

மாடிக்குத் தனி இணைப்பு வாங்கியோர் வேறு இனம். அங்கே கீழ்வீட்டு மீட்டர் 490ஐ நெருங்கியதும் மாவரைக்கக் கிரைண்டர் மாடியேறுகிறது.