மெய்ப்பாட்டியல் நோக்கில் ஸ்போர்ட்ஸ் கார்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

2010 டிசம்பரில் டொயோட்டா நிறுவனம் லெக்சஸ் எல்எஃப்ஏ என்ற காரைக் கட்டத் தொடங்கியது. சொன்னபடி 500 கார்களோடு இரண்டே ஆண்டுகளில் நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவில் அதன் விலை 3,75,000 டாலர். அதே காலத்தில் அதே ஜப்பானில் நிஸானும் ஜிடி-ஆர் என்றொரு காரை விற்றுக்கொண்டிருந்தது. விலை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதில் நிஸான்தான் முந்தும். போதாக்குறைக்கு, குழந்தைகளாகப் பார்த்து இரண்டு பேரைப் பின்னால் திணிக்கவும் அதில் இடம் உண்டு.

கணக்குப்படி கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எல்எஃப்ஏ இன்று ஏலத்துக்கு வந்தால் அன்றைய விலையைத் தாண்டித்தான் கை மாறுகிறது. மெதுவான காருக்கு நாலு மடங்கு கொடுத்தவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்கவும் வழியில்லை. அந்தப் பணத்தைச் சம்பாதிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆக, வேகத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்று விற்பனையாகிறது. அது எது என்பதே இவ்வாய்வின் சிக்கல்.

ஆய்வு எல்லையையும் குறித்துவிடுவது முறை. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோரின் மனநிலை மட்டுமே இங்கே ஆராயப்படும். அவர்களது வருமான வரிக் கணக்கு எல்லைக்கு அப்பாற்பட்டது. களப்பணிக்கு எவரும் கார் சாவியைத் தர முன்வராத நிலையில், ஆய்வாளர் துணைமைத் தரவுகளையே நம்பியிருக்கிறார்.

ஆய்வுமுறை

கார் பத்திரிகைகள் காரை அளக்கும் கருவி ஸ்டாப்வாட்ச். அது காரின் உடம்பை அளக்கும். ஓட்டுபவரின் உடம்பை அளக்காது. உள்ளத்தில் எழுந்தது உடம்பில் தெரிவதற்கு மெய்ப்பாடு என்று பெயர். மயிர் சிலிர்ப்பது, வேர்ப்பது, நடுங்குவது, தன்னையறியாமல் சிரிப்பது எல்லாம் அதில் அடங்கும். இதற்கென்றே தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலை ஒதுக்கியிருக்கும்போது வெளிநாட்டுக் கோட்பாடுகளைத் தேடிப் போவது வீண் அலைச்சல்.

மெய்ப்பாடுகள் எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன்கள். ஆக முப்பத்திரண்டு. இந்த முப்பத்திரண்டையும் ஆய்வாளர் வரிசையாகத் தேடிப் பார்த்தார். செல்வம் இருக்கிறது, கல்வி இருக்கிறது, மூப்பு இருக்கிறது, கள்வர்கூட இருக்கிறார்கள். வேகம் இல்லை.

அந்தக் காலத்தில் வேகமான வண்டி ஏது என்று கேட்பவர்கள் முல்லைத் திணையை மறந்துவிட்டார்கள். போர் முடிந்து திரும்பும் தலைவன் தேர்ப்பாகனை விரைந்து ஓட்டச் சொல்வது அங்கே மரபு. அவ்வளவு அவசரத்திலும் தலைவனின் உவகைக்குக் காரணம் வீட்டில் காத்திருப்பவள்தான். தேர் எத்தனை நொடியில் வேகம் பிடித்தது என்று எந்தப் புலவரும் குறித்துவைக்கவில்லை.

இதிலிருந்து கருதுகோள் பிறக்கிறது: கார் தானே செய்து முடிப்பதில் மெய்ப்பாடு தோன்றுவதில்லை, ஓட்டுபவருக்கு அது மிச்சம் வைக்கும் வேலையில்தான் தோன்றுகிறது.

மருட்கை

வேகம் இந்தப் பட்டியலுக்குள் நுழைய ஒரே ஒரு வாசல் உண்டு. மருட்கை, அதாவது வியப்பு, பிறக்கும் நான்கு களங்களில் முதலாவது புதுமை. குரோஷியாவின் ரிமாக் நிறுவனம் செய்த நெவேரா என்ற மின்சாரக் கார் அந்த வாசல் வழியாகத்தான் வந்தது. 1914 குதிரைத்திறன், மொத்தம் 150 கார்கள், விலை சுமார் 20 லட்சம் யூரோ. 2023இல் ஜெர்மனியின் பாப்பன்பர்க் சோதனைத் தடத்தில் ஒரே நாளில் 23 சாதனைகளைப் படைத்தது. 100 கிலோமீட்டர் வேகத்துக்கு அது எடுத்துக்கொண்டது 1.82 விநாடி. சீட் பெல்ட்டைப் போட அதைவிட அதிக நேரம் ஆகும்.

ஆனால் புதுமை மலிந்துபோகும் சரக்கு. ஐந்து பேர் உட்காரும், டிக்கியில் மளிகைச் சாமான் ஏற்றும் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் 2021இலேயே 60 மைல் வேகத்துக்கு 2 விநாடிதான் என்று விளம்பரம் செய்துவிட்டது. அலுவலகத்துக்கு எடுத்துப் போகும் காரே அதே பிக்கப்பைக் கொடுக்கும்போது, கோடிகளைக் கொட்டியவருக்கு வியக்க மிச்சம் என்ன?

இதை ஒப்புக்கொண்டவர் நெவேராவைச் செய்த மாட்டே ரிமாக்கேதான். மின்சார சூப்பர் கார்களைப் பெரும் பணக்காரர்கள் விரும்பவில்லை என்று 2024 மே மாதம் வெளிப்படையாகச் சொன்னார். டிஜிட்டல் கைக்கடிகாரம் எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்யும். ஆனாலும் பெரும்பணம் கொடுத்து வாங்கப்படுவது முள் கடிகாரம்தான் என்பது அவர் வாதம். அடுத்த மாதமே, அவர் தலைமை வகிக்கும் புகாட்டி நிறுவனம் டூர்பில்லோன் என்ற காரை அறிமுகம் செய்தது. மோட்டார்கள் உண்டுதான், ஆனால் நடுநாயகம் டர்போ இல்லாத, 8.3 லிட்டர், 16 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஓட்டுபவர் முன்னால் திரை கிடையாது. சுவிட்சர்லாந்துக் கடிகாரக்காரர்கள் 600க்கும் மேற்பட்ட உறுப்புகளை டைட்டானியத்திலும் நீலக்கல்லிலும் மாணிக்கத்திலும் கோத்துச் செய்த முள் மீட்டர் இருக்கிறது. ஸ்டியரிங்கின் வட்டம் மட்டும் சுழலும். நடுவில் மீட்டர் அசையாமல் நிற்கும். விலை 38 லட்சம் யூரோ. 100 கிலோமீட்டரைத் தொடுவதில் நெவேராவுக்குப் பின்னால்தான் வரும்.

வெகுளியும் பெருமிதமும்

வெகுளியின் முதல் நிலைக்களன் உறுப்பறை. உடலின் ஓர் உறுப்பை வெட்டினால் வரும் கோபம் அது. போர்ஷே நிறுவனத்துக்கு 2013இல் இதன் பொருள் விளங்கியது. அவ்வாண்டு வந்த 911 ஜிடி3 காரில் கிளட்ச் பெடலும் கையால் மாற்றும் கியரும் இல்லை. மனிதக் கையைவிட விரைவாகக் கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் பெட்டி மட்டுமே. ஒவ்வொரு சுற்றிலும் கார் முன்பைவிட வேகம். பொறியாளர்கள் பாராட்டை எதிர்பார்த்தார்கள். இரசிகர்களோ இடது காலை இழந்தவர்களைப் போலக் குமுறினார்கள்.

2016இல் போர்ஷே இறங்கி வந்தது. 911 ஆர் என்ற பெயரில் 991 கார்கள். 500 குதிரைத்திறன், ஆறு கியர், மூன்று பெடல், பின்னால் பெரிய இறக்கை இல்லை. அதே எஞ்சினோடு தானியங்கிக் கியர் பூட்டிய ஜிடி3 ஆர்எஸ் 100 கிலோமீட்டரை எட்ட 3.3 விநாடி, அதைவிட 50 கிலோ இளைத்திருந்தும் 911 ஆருக்கு 3.8 விநாடி. அரை விநாடி நஷ்டம். ஆனாலும் கார்கள் சாலைக்கு வரும் முன்பே முடிந்துபோயின. மறுவிற்பனையில் பல மடங்கு விலை கேட்டார்கள். அடுத்த ஆண்டு ஜிடி3யிலும் கை கியர் திரும்பி வந்தது.

அந்த அரை விநாடியை விலைகொடுத்து வாங்கியதற்குப் பெயர் பெருமிதம். அது பிறக்கும் களங்களுள் முதலில் நிற்பது கல்வி, அடுத்தது தறுகண், அதாவது அஞ்சாமை. கிளட்சை மிதித்து, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, எஞ்சின் சுற்றும் சக்கரச் சுற்றும் பொருந்தும் கணத்தில் கியரைச் செருகுவது கற்றால்தான் வரும். இருபது முறை சொதப்பிவிட்டு இருபத்தொன்றாம் முறை துளி குலுக்கல் இல்லாமல் விழும்போது வரும் உணர்வுக்கு உரிமையாளர் ஓட்டுநர் மட்டுமே. கம்ப்யூட்டர் பிழையின்றி மாற்றும்போது பெருமிதம் கம்ப்யூட்டரைத்தான் சேரும்.

உவகை

உவகையின் நான்கு களங்களில் புலனும் விளையாட்டும் இவ்வாய்வுக்கு மிக வேண்டியவை. செல்வமும் அந்தப் பட்டியலில் உண்டு. அதன் பங்கைக் குறைத்து மதிப்பிட இயலாது என்றாலும், முன்பே சொன்னபடி அது எல்லைக்கு அப்பாற்பட்டது.

புலனுக்கு எல்எஃப்ஏவே சான்று. அதன் 4.8 லிட்டர், 10 சிலிண்டர் எஞ்சினை டொயோட்டா யமஹாவோடு சேர்ந்து செய்தது. பைக் செய்யும் யமஹாவும் பியானோ செய்யும் யமஹாவும் ஒரே வேரில் கிளைத்தவை; எஞ்சின் ஓசையைப் பண்படுத்தும் வேலையில் இசைக்கருவித் தரப்பும் இறங்கியது. எஞ்சின் காற்றை இழுக்கும் ஒலியைக் குழாய் வைத்து உள்ளே கொண்டுவந்தார்கள். நின்று உறுமும் நிலையிலிருந்து 9,000 சுற்றுக்கு ஏற 0.6 விநாடி, சாதாரண முள் அந்த ஓட்டத்தைத் தொடர முடியாமல் பின்தங்கும் என்று மீட்டரைத் திரையில் காட்டினார்கள். அது கத்தும்போது கேட்பவரின் கை மயிர் சிலிர்க்கும். ஸ்டாப்வாட்சுக்குக் காது கிடையாது.

விளையாட்டுக்கு 2012இல் வந்த டொயோட்டா 86. அதே நிறுவனத்தின் சிக்கனக் காரான ப்ரியஸில் கிடைத்த அதே ரக டயரை இதிலும் போட்டார்கள். பிடிமானம் குறைந்த டயர். வெறும் 200 குதிரைத்திறன். ஆகவே மிதமான வேகத்திலேயே வால் பக்கம் நழுவத் தொடங்கும். பிடிப்பது ஓட்டுபவர் வேலை. காரை வேண்டுமென்றே வழுக்க விடுவதற்காகப் பொறியாளர்கள் கூட்டம் போட்டு முடிவெடுத்தது இத்துறையின் அரிய நிகழ்வுகளுள் ஒன்று.

இவர்களுக்கெல்லாம் மூத்தது மாஸ்டாவின் எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் தலைகாட்டியபோது அதற்கு 116 குதிரைத்திறன். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 100 கிலோமீட்டருக்குச் சுமார் 9 விநாடி. இன்று பல குடும்பக் கார்கள் அதை முந்திவிடும். குதிரையும் வீரனும் ஓருடல் என்ற ஜப்பானியக் கருத்தை வைத்து அதைக் கட்டினார்கள். கியர் கம்பியை மணிக்கட்டின் அசைவிலேயே தள்ளிவிடலாம். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. உலகில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸும் ஏற்றிருக்கிறது. மருட்கையின் களங்களில் பெருமையோடு சிறுமையையும் தொல்காப்பியர் சேர்த்ததன் நுட்பம் இங்கே விளங்கும்.

எஞ்சியவை

அச்சத்துக்கு 1992இல் வந்த டாட்ஜ் வைப்பர். 8 லிட்டர் எஞ்சின், 400 குதிரைத்திறன். கதவுக்கு வெளிக் கைப்பிடி இல்லை, ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, சரியான கூரையும் இல்லை. கதவுக்கு அடியில் ஓடும் சைலன்சர் இறங்குபவரின் காலைச் சுட்டது. பாம்பின் பெயர் கொண்ட இக்காரை அச்சத்தின் களமான விலங்கில் அடக்கலாமா என்பது தனி ஆய்வுக்குரியது.

இளிவரலுக்கு, அதாவது இழிவுணர்வுக்கு, மூப்பும் வருத்தமும் களங்கள். 1996இன் லோட்டஸ் எலீஸ் வெறும் 725 கிலோ. அந்த இளைப்புக்குக் காரணமான அலுமினியச் சட்டம் கதவோரம் அகலமாகவும் உயரமாகவும் நிற்கிறது. ஐம்பதைத் தாண்டியவர் அதிலிருந்து நாலு பேர் பார்க்க எழுந்து வரும் காட்சிக்கு உரை தேவையில்லை. அழுகையை, சர்வீஸ் பில் உள்ளிட்ட காரணங்களால், ஆய்வாளர் விரிக்கவில்லை.

போலி மெய்ப்பாடு

கருதுகோளுக்குச் சோதனை இனிமேல்தான். 2011இல் பிஎம்டபிள்யூ எம்5 காரின் உட்புறம் மிக அமைதியாகிவிட்டது. சத்தத்தை அடைக்கப் பொறியாளர்கள் அரும்பாடு பட்டிருந்தார்கள். பிறகு அதே எஞ்சினின் ஒலியை ஸ்பீக்கர் வழியே உள்ளே ஒலிக்கவிட்டார்கள். ஒரு துறை காசு செலவழித்து நீக்கியதை இன்னொரு துறை காசு செலவழித்துச் சேர்த்தது.

ஹூண்டாய் 2023இல் இன்னும் ஒருபடி மேலே போனது. ‘ஐயோனிக் 5 என்’ என்ற மின்சாரக் கார். 650 குதிரைத்திறன் வரை தரும். 100 கிலோமீட்டருக்கு 3.4 விநாடி. இதன் சாதுவான அண்ணன், ஐயோனிக் 5, ஸ்ரீபெரும்புதூர் ஆலையில்தான் பொருத்தப்படுகிறது. தம்பியிடம் கியர்பெட்டி என்ற பொருளே இல்லை. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் எட்டு கியர் இருப்பதாக அது நடிக்கும். கியர் மாற்றும்போதெல்லாம் ஒரு குலுக்கல் கொடுக்கும். இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஸ்பீக்கரில் உறுமும். ஓட்டுபவர் சமயத்தில் கியரை மாற்ற மறந்தால் 8,000 சுற்றில் முட்டி நின்று, மோட்டாரில் சக்தி மிச்சம் இருந்தும், மேலே போக மறுக்கும். சும்மா விட்டால் போகும் வேகத்தைவிட மெதுவாகப் போவதற்கான இந்த ஏற்பாட்டைக் கடுமையான கார் விமர்சகர்களே சிரித்துக்கொண்டு பாராட்டினார்கள்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்ட கேள்வி இதைப் பற்றியதே: இல்லாத கியரை மாற்ற மறந்து, இல்லாத எஞ்சினிடம் திட்டு வாங்கும் ஓட்டுநருக்கு எந்த மெய்ப்பாடு? தெரிந்தே ஏமாறுவதால் அது நகை, களம் பேதைமை என்றார் நெறியாளர். எஞ்சின் பொய்யானாலும் கைக்கு வந்த வேலை மெய். ஆகவே உவகை, களம் விளையாட்டு என்று ஆய்வாளர் வாதாடினார். இரண்டு மணி நேரம் ஆகியும் தீரவில்லை. ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பியிருக்கிறது; நெறியாளர் மட்டும் ஹூண்டாய் ஷோரூமில் ஒரு டெஸ்ட் டிரைவுக்குப் பெயர் கொடுத்திருப்பதாகத் துறை அலுவலகத்தில் பேச்சு.