பத்துக்குப் பத்து

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினைப் பழுது பார்க்க வந்த பையன் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, "சார், ஓ.டி.பி. சொல்லுங்க. அப்புறம் ஒரு மெசேஜ் வரும், பத்து போட்டுருங்க. எட்டு போட்டா ஆபீஸ்ல திட்டுவாங்க" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் மெஷின் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. மனசு கேட்கவில்லை, பத்தே போட்டேன். அவன் மாடிப்படி இறங்குவதற்குள் அடியில் ஒரு டப்பாவையும் வைத்தேன்.

எம்.பி.ஏ. படிக்கும் மகன் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பா, ஃப்ரெட் ரைக்ஹெல்ட்னு ஒருத்தர் 2003-ல ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூல எழுதின விஷயம் இது. 'எங்களை நாலு பேருக்குச் சிபாரிசு செய்வீங்களா?'ன்னு ஒரே கேள்வி. 9, 10 போட்டா ஆதரவாளர். 6-ம் அதுக்குக் கீழயும் போட்டா அதிருப்தியாளர். ஆதரவாளர் சதவீதத்துல அதிருப்தியாளர் சதவீதத்தைக் கழிச்சா கம்பெனியோட மார்க்."

"ஏழு, எட்டு?"

"கூட்டல்லயும் வராது, கழித்தல்லயும் வராது."

பத்துக்கு ஏழு வாங்கினால் பாயசம் வைத்த வீட்டில் வளர்ந்தவன் நான். கொஞ்சம் வலித்தது.

மகன் பாடத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தான். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சிக்கு எத்தனை? நான் வழக்கம்போல் பத்து. இத்தனைக்கும் அந்த மாதம் முப்பது ரூபாய் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு, பாதிச் சாமானை போனில் வரவழைத்து, டப்பாக்களில் கொட்டிவிட்டு, அட்டைப்பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தேன்.

என் மனைவிக்குப் பதினெட்டு வருஷமாக அந்தக் கடைதான். சண்டையும் அங்கேதான். போன வாரம்கூடத் துவரம்பருப்பில் வண்டு என்று பொட்டலத்தோடு போய் நின்றாள். அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் வேறு பருப்பை நிறுத்து, கொசுறாக ஒரு பிடி கறிவேப்பிலையையும் வைத்தார். மறுநாள், "அக்கா, பருப்பு வெந்துச்சா?" என்று கேட்டாராம். எனக்கு மெசேஜ் அனுப்பும் கம்பெனி எதுவும் இதைக் கேட்டதில்லை.

நூறு வாடிக்கையாளர்களில் கூடுதலாக 5 பேரை விட்டுப் போகாமல் தடுத்து நிறுத்தினால் லாபம் 25 முதல் 85 சதவீதம் வரை ஏறும் என்று அதே ரைக்ஹெல்ட், சாசர் என்பவரோடு சேர்ந்து 1990-லேயே எழுதியிருக்கிறாராம். அண்ணாச்சி படித்திருக்க வழியில்லை. கறிவேப்பிலைக் கட்டு என்ன விலை என்பது அவருக்குத் தெரியும்.

"நாலு பேருக்குச் சிபாரிசு பண்ணுவியாம்மா?"

"நான் எதுக்குடா சொல்லணும்? கூட்டம் கூடினா நல்ல கத்திரிக்காய் எனக்கு மிஞ்சுமா? பூஜ்யம் போட்டுக்கோ."

ஐம்பதில் ஐம்பது போக, அண்ணாச்சி மொத்தமும் பூஜ்யம்.

சாயங்காலம் அவரே வாசலில் வந்து நின்றார். "அக்கா, இந்த மாசம் லிஸ்ட் பாதிதான் வந்துச்சு. புளி இல்ல, மிளகா இல்ல. வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையோன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பாதியா? முழுசாத்தானே எழுதி இவர்கிட்ட குடுத்தேன்?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டப்பா நிரம்பியிருக்கும் என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.