மூக்கும் துப்பும்: பிக்கிள்ஸ் என்னும் தற்செயல் துப்பறிவாளர் குறித்து ஓர் ஆய்வு

பாயிரம் சொல்லாமல் நூலைத் தொடங்குவது முறையன்று என்று முன்னோர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால், முதலில் அந்தக் கடனைக் கழித்துவிடுகிறேன். இவ்வாய்வின் எல்லை, தெற்கு லண்டன் நார்வுட் பகுதியில் ஒரு வேலியோரம். காலம், 1966ஆம் ஆண்டு மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை மாலை. நுதலிய பொருள், திருட்டுப் போன உலகக் கால்பந்துக் கோப்பையைக் கண்டெடுத்த பிக்கிள்ஸ். கேட்போர், அலுவலக நேரத்தில் இதைப் படிக்கப்போகிறவர்கள். பயன் என்ன என்று கேட்பீர்களானால், முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்விலேயே அந்தக் கேள்வியை நாகரிகம் கருதித் தவிர்த்துவிடுகிறார்கள் என்பதை நினைவூட்டுகிறேன்.

அடுத்து, ஓர் இலக்கணச் சிக்கல். பிக்கிள்ஸ் கறுப்பும் வெள்ளையுமான ஒரு நாய். கோலி இனத்தின் கலப்பு. அஃறிணை. ஆயினும் இக்கட்டுரை முழுவதும் அவரை ‘அவர்’ என்றே எழுதப்போகிறேன். உவப்பின் காரணமாகத் திணை மயங்கலாம் என்று நம் இலக்கணம் வழுவமைதி தந்திருக்கிறது. வீட்டுப் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்லலாமென்றால், ஸ்காட்லாந்து யார்டால் ஒரு வாரம் முயன்றும் முடியாததைச் செய்துகாட்டியவரை ‘அது’ என்பது எந்த ஊர் நியாயம்?

இனி வழக்கு. அந்த ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் உலகக் கோப்பைப் போட்டிகள் நடக்க இருந்தன. வெல்லும் அணிக்குத் தரவேண்டிய ஜூல்ஸ் ரிமே கோப்பை முன்னதாகவே வந்து சேர்ந்தது. வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசிய, 35 சென்டிமீட்டர் உயரமே உள்ள, இறக்கை வைத்த வெற்றித் தேவதை. எடை 3.8 கிலோ, நம் வீட்டுச் சமையலறை அம்மிக் குழவிகளில் இதைவிடக் கனமானவை உண்டு. இதை வெஸ்ட்மின்ஸ்டரில் மெதடிஸ்ட் சபையாரின் மத்திய மண்டபத்தில் நடந்த ஒரு தபால்தலைக் கண்காட்சியில் வைத்தார்கள். கால்பந்துக்கும் தபால்தலைக்கும் என்ன தொடர்பு என்று ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

காவல் இருந்தது, பூட்டும் இருந்தது. மார்ச் 20, ஞாயிறு. அதே கட்டடத்தின் வேறொரு பகுதியில் வழிபாடு நடந்துகொண்டிருக்க, யாரோ பின்பக்கமாக வந்து, பேழையின் பின்பலகைத் திருகாணிகளைக் கழற்றிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கோப்பைக்குச் செய்திருந்த காப்பீடு 30,000 பவுண்டு. அக்கம்பக்கத்தில் பரப்பி வைத்திருந்த தபால்தலைகளின் மதிப்பு ஏறத்தாழ முப்பது லட்சம் பவுண்டு. அவற்றில் ஒன்றையும் திருடன் தொடவில்லை. கலை ரசனை மிகுந்தவன் என்பார் ஒரு சாரார். கணக்கில் தவறியவன் என்பார் பிறிதொரு சாரார். பின்னவர் கருத்தே வலுவுடைத்து.

அடுத்து நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் துப்பறிவாளர்கள் மட்டுமே இருக்கிறார்கள். கால்பந்துச் சங்கத் தலைவர் ஜோ மியர்ஸுக்கு 15,000 பவுண்டு கேட்டு ஒரு கடிதம் வந்தது. ‘ஜாக்சன்’ என்று ஒருவன் தொலைபேசியில் பேசினான். கோப்பையின் உச்சியிலிருந்து கழற்றிய ஒரு பாகத்தைச் சான்றாக அனுப்பியிருந்தான். போலீசார் ஒரு பெட்டியில் பழைய செய்தித்தாளை நறுக்கி அடுக்கி, மேலே மட்டும் அசல் நோட்டுகளைப் பரப்பி, மாறுவேடத்தில் பாட்டர்சீ பூங்காவுக்குப் போனார்கள். ஆளைப் பிடித்தார்கள், கோப்பை அவனிடம் இல்லை. தான் வெறும் தரகன்தான் என்றான். பின்னாளில் மிரட்டிப் பணம் கேட்ட குற்றத்துக்கு அவன் இரண்டாண்டு சிறை சென்றான். கோப்பையைத் திருடியவன் என்று எந்த நீதிமன்றமும் யாரையும் தண்டிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, மார்ச் 27 மாலை, தேம்ஸ் நதியில் சரக்குப் படகுத் தொழில் பார்த்துவந்த ஓர் இளைஞர், தொலைபேசிக் கூண்டுக்குப் போவதற்காக வீட்டைவிட்டு வெளியே வந்தார். பிக்கிள்ஸும் உடன் வந்தார். பிக்கிள்ஸுக்கு எந்தத் தொலைபேசி அழைப்பும் நிலுவையில் இல்லை. அவர் வெளியே வந்த காரணம், வயது வந்த எந்த நாய்க்கும் மாலை வேளையில் வரும் காரணம்தான். வேலியோரம் வந்தவர் நின்றார். மோந்தார். நகர மறுத்தார். எசமானர் குனிந்து பார்த்தால், செய்தித்தாளில் சுற்றிக் கயிற்றால் கட்டிய ஒரு பொட்டலம். கிழித்துப் பார்த்தால் பிரேசில், மேற்கு ஜெர்மனி, உருகுவே என்று வரிசையாகப் பெயர்கள்.

இங்கே ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறிய ஒரு நுட்பம். போலீசார் திருடனுக்குக் கொடுக்கப் போனது பழைய செய்தித்தாள். திருடன் கோப்பையைச் சுற்றிப் போட்டிருந்ததும் பழைய செய்தித்தாள். ஆக, இரு தரப்பாரும் ஒருவர் தலையில் மற்றவர் பழைய பேப்பரைக் கட்டவே பார்த்திருக்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்க்க வைத்த பெருமை பிக்கிள்ஸுடையது.

எசமானர் பொட்டலத்தோடு ஜிப்சி ஹில் காவல் நிலையத்துக்குப் போனார். மேசையிலிருந்த சார்ஜெண்டுக்கு அதைப் பார்த்ததும் உலகக் கோப்பை என்ற நம்பிக்கை வரவில்லையாம். நம்பிக்கை வந்த பிறகோ எசமானர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஸ்காட்லாந்து யார்டுக்குக் கொண்டுபோய்த் துருவித் துருவி விசாரித்தார்கள். துப்பறியும் கதை படிப்பவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. பிணத்தைக் கண்டுபிடித்துச் சொல்பவரே முதல் சந்தேக நபர் என்பது அக்கதைகளின் அரசியல் சட்டம். ஆனால் உண்மையில் கண்டுபிடித்தவர் பிக்கிள்ஸ். அவரை யாரும் சந்தேகிக்கவில்லை. மார்ச் 20 அன்று காலை எங்கே இருந்தீர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது விசாரணையின் பெருங்குறை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மேற்கண்ட சான்றுகளிலிருந்து நான் வருவிக்கும் கொள்கைக்கு ‘வேறு வேலைக் கோட்பாடு’ என்று பெயரிடுகிறேன். அதாவது, ரத்தம் சிந்தாத, தெருமுனையில் தொடங்கித் தெருமுனையிலேயே முடியும் இந்த வகை மர்மங்களைத் தீர்ப்பவருக்கு இன்றியமையாத தகுதி ஒன்றுதான்: அவருக்கு அப்போது வேறு வேலை இருக்க வேண்டும். செஸ்டர்டன் 1910இல் படைத்த பாதிரியார் பிரவுனுக்குப் பாவமன்னிப்பு வழங்கும் வேலை இருக்கிறது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளுக்குப் பின்னல் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, பக்கத்து வீட்டு வம்பு இருக்கிறது. கொலை இடையில் வந்து போகும். நம் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தி யோசிப்பவர் என்றாலும் முழுநேரத் துப்பறிவாளர். அவருக்கு இங்கே இடமில்லை. சுஜாதாவின் கணேஷ் வக்கீல். வழக்கு நடத்துவதும் துப்பறிவதும் அவருக்கு ஒரே வேலையா, இரு வேலையா என்பதில் எனக்கே தெளிவில்லை; அவருடைய உதவியாளர் வசந்துக்கு வேறு வேலைகள் உண்டு என்பதில் மட்டும் ஐயமில்லை.

கோட்பாட்டுக்கு வலுவான இன்னொரு சான்றை அகதா கிறிஸ்டியே வழங்கியிருக்கிறார், எழுதி அல்ல, காணாமல் போய். 1926 டிசம்பர் 3 இரவு அவர் வீட்டைவிட்டுக் காரில் கிளம்பினார். கார் மட்டும் சர்ரேயில் நியூலாண்ட்ஸ் கார்னர் என்ற இடத்தில் கிடைத்தது. போலீசார் ஆயிரத்துக்கும் மேல், பொதுமக்கள் ஆயிரக்கணக்கில், போதாததற்கு விமானங்கள். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் கிறிஸ்டியின் கையுறை ஒன்றை வாங்கி, ஆவிகளோடு பேசுகிறவர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தார். ஹோம்ஸ் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன். லார்ட் பீட்டர் விம்சியைப் படைத்த டோரதி சேயர்ஸ் நேரில் வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்துப் போனார். நாட்டின் துப்பறியும் மூளைகளெல்லாம் ஒரே விஷயத்தில் முனைந்திருந்தன. கிறிஸ்டி இருந்ததோ வடக்கே ஹாரோகேட் நகரத்து ஓட்டல் ஒன்றில், கணவர் மனத்தைக் கவர்ந்திருந்த பெண்ணின் குடும்பப் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு. டிசம்பர் 14 அன்று ஆள் அகப்பட்டார். அடையாளம் கண்டு சொன்னவர்கள் அந்த ஓட்டலில் வாத்தியம் வாசித்த இசைக்குழுவினர். ஆம், அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

மிஸ் மார்ப்பிள் முதன்முதலாக அச்சில் வந்தது 1927 டிசம்பரில், சரியாக ஓராண்டு கழித்து. விருந்தினர் கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து, தன் கை வேலையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கவனித்துவிடுகிற ஒருவரைப் படைக்கும் எண்ணம் இசைக்குழுவால்தான் வந்தது என்று நான் முடிவு கட்டுகிறேன். இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் காலவரிசை எனக்குச் சாதகமாக இருக்கிறது. காலவரிசையை மட்டும் வைத்துக்கொண்டு கல்தோன்றிய காலம் வரை போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இனித் தடையும் விடையும்.

கண்டெடுத்தது கோப்பை என்று பிக்கிள்ஸுக்குத் தெரியாதே, அவரை எங்ஙனம் துப்பறிவாளர் என்பது எனின், அற்றன்று. தெரிந்தவர்கள் கண்டெடுக்கவில்லை. அறிவும் கண்டுபிடிப்பும் ஒரே இடத்தில் கூடியிருக்க வேண்டுமென்ற விதி எந்தக் காவல்துறையிலும் இல்லை.

கோப்பையை யாரேனும் கண்டெடுக்கட்டும் என்றே திருடன் தெருவில் போட்டுப் போயிருக்கலாம், ஆகவே இது துப்பறிதல் ஆகாது எனின், அந்தத் தெருவில் மனிதர்களும் குடியிருந்தார்கள் என்பதே விடை.

நாய் எதையும் மோப்பம் பிடிக்கும், இதில் என்ன சிறப்பு எனின், கேட்பவர் நாய் வளர்த்ததில்லை என்று தெரிகிறது. நாய் எதையும் மோக்கும். எதையும் விட்டும் நகரும். நகர மறுத்ததே ஆராய்ச்சி.

சன்மானம் பற்றிய பகுதி சற்று வேதனையானது. எசமானருக்குச் சில ஆயிரம் பவுண்டு கிடைத்தது. ஜூலை 30 அன்று வெம்ப்ளியில் மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்று அதே கோப்பையைத் தூக்கிய இங்கிலாந்து வீரர்களுக்கு ஆளுக்கு 1,000 பவுண்டுதான். தொண்ணூறு நிமிடமும் கூடுதல் அரை மணி நேரமும் ஓடியவர்களைவிட, தொலைபேசிக்கு நடந்தவர் கைநிறையப் பெற்றார் என்பது பொருளியலாருக்கு. அந்தப் பணத்தில் சர்ரேயில் ஒரு வீடு வாங்கினார். பிக்கிள்ஸுக்கோ ஒரு வெள்ளிப் பதக்கம், ஓராண்டுக்கான நாய்த் தீனி. மூளை ஒருவருடையது, பத்திரப் பதிவு இன்னொருவர் பெயரில் என்ற வழக்கம் ஆராய்ச்சி உலகில் நெறியாளருக்கும் மாணவருக்கும் இடையே மட்டும்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன். வெற்றி விருந்துக்குப் பிக்கிள்ஸையும் அழைத்திருந்தார்கள் என்பது ஆறுதல். மிஞ்சிய தட்டுகளை அவர் வழித்துத் தந்தார். அதே ஆண்டு ஒரு திரைப்படத்திலும் தலைகாட்டினார், ஒற்றர்களைக் கேலி செய்யும் படம். நடிப்பைப் பற்றி விமரிசகர்கள் சொன்னதை நான் தேடவில்லை.

1967இல் பிக்கிள்ஸ் ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு போகையில் கழுத்துச் சங்கிலி மரக்கிளையில் மாட்டி இறந்தார். உள்ளம் கனத்தாலும் ஆய்வாளன் கடமையைச் செய்தாக வேண்டும்: குறிக்கோள் எதுவும் இல்லாமல் நடந்த அன்று உலகக் கோப்பை கிடைத்தது, குறிக்கோளோடு ஓடிய அன்று உயிர் போயிற்று. கோட்பாட்டுக்கு இதைவிடக் கடுமையான சான்று தேவையில்லை. அவருடைய கழுத்துப்பட்டை மான்செஸ்டரில் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அறிவியல் நேர்மைக்காக ஒப்பீட்டுச் சோதனை ஒன்றும் வேண்டும். வரலாறே அதை நடத்திக் கொடுத்துவிட்டது. 1970இல் மூன்றாம் முறை வென்ற பிரேசிலுக்கு அந்தக் கோப்பை நிரந்தரமாகச் சொந்தமாயிற்று. ரியோ டி ஜெனிரோவில் கால்பந்துக் கூட்டமைப்பின் அலுவலகத்தில் குண்டு துளைக்காத கண்ணாடி போட்டு வைத்தார்கள். கண்ணாடி முன்பக்கம், பின்பக்கம் மரச்சட்டம். 1983 டிசம்பரில் திருடர்கள் வந்தார்கள், பின்பக்கமாக. பதினேழு ஆண்டில் கோப்பைக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் கண்ணாடியைப் பற்றியது மட்டும். மற்ற எல்லா நிலைமைகளும் ஏறக்குறைய ஒன்றே. பிக்கிள்ஸ் மட்டும் இல்லை. கோப்பை இன்றுவரை கிடைக்கவில்லை. (இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியக் கால்பந்து அதிகாரி ஓட்டோரினோ பராஸி இதே கோப்பையைச் செருப்புப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்துக் காப்பாற்றினார் என்பதையும், அந்த முறையை ஏனோ பிறகு யாரும் பின்பற்றவில்லை என்பதையும் போகிற போக்கில் குறிக்கிறேன்.)

தீர்க்கப்படாத கேள்வி ஒன்று பாக்கி. 1966இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் யாருக்கும் சொல்லாமல் ஒரு நகல் கோப்பை செய்து வைத்திருந்தது. 1997இல் அது ஏலத்துக்கு வந்தபோது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2,54,500 பவுண்டு கொடுத்து வாங்கியது. நகலுக்கு இவ்வளவு விலையா, இதுதான் அசலோ என்று பேச்சுக் கிளம்பிற்று. உலோகத்தைச் சோதித்து, நகலேதான் என்று நிபுணர்கள் சான்று அளித்தார்கள். என்னைக் கேட்டால், அசலை ஏற்கெனவே மோந்து அறிந்திருந்த ஒரே நிபுணர் சர்ரேயில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் புதைந்து முப்பதாண்டு ஆகியிருந்த நிலையில், அந்தச் சான்றிதழை முழுமையானதென்று ஏற்பதற்கில்லை.