கேள்வி-பதில்: இத்தாலியச் சொல்லை எங்கே பிரிப்பது?

கே: இத்தாலியச் சொல்லில் வேரைக் கண்டுபிடிப்பது எப்படி?

ப: பெயர்ச்சொல் என்றால் கடைசி உயிரை உருவிப் பாருங்கள். 'கத்தோ' ஆண்பூனை, 'கத்தா' பெண்பூனை, 'கத்தி' பூனைகள், 'கத்தினோ' பூனைக்குட்டி. அசையாமல் நிற்கும் 'கத்த்' தான் வேர். பாலையும் எண்ணையும் ஓர் உயிரெழுத்தே சுமக்கிறது. சிக்கனம் என்றால் இதுதான்!

கே: அசையும் அங்கேதானே பிரியும்?

ப: பிரியாது. பொருளுக்கு 'கத்த்-ஓ', காதுக்கு 'கத்-தோ'. இரட்டித்த மெய்யை முன்னசையும் பின்னசையும் பங்கு போட்டுக்கொள்ளும். அந்த இரட்டிப்பை விழுங்கினால் ஆபத்து. 'பென்னா' என்றால் எழுதுகோல். நம் பழக்கத்தில் 'பேனா' என்றால் அங்கே வேதனை.

கே: 'பாஸ்தா'வைப் பிரித்துக் காட்டுங்களேன்.

ப: பள்ளிக்கூட விதிப்படி 'பா-ஸ்தா'. சொல்லுக்கு முதலில் வரக்கூடிய மெய்க்கூட்டம் அசைக்கும் முதலில் வரலாம். நட்சத்திரத்துக்கு 'ஸ்தெல்லா' என்ற சொல் இருக்கிறதே! ஒலியியலார் பலர் இதை ஏற்பதில்லை. அழுத்தம் விழும் அசை உயிரில் முடிந்தால், சொல்லின் கடைசியில் தவிர, அந்த உயிர் நீளும். 'காஸா' (வீடு) நீள்கிறது. பாஸ்தாவின் முதல் உயிரோ இத்தாலியர் வாயில் குறுகியே ஒலிக்கிறது. அப்படியானால் ஸகரம் அந்த அசையை மூடுகிறது: 'பஸ்-தா'. மாணவனைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால், ஆங்கில 'the' போன்ற வழக்கமான 'இல்' வராமல் 'லோ ஸ்துதெந்தே' என்று வருவதும் ஸகரம் சாய்ந்துகொள்ள ஓர் உயிரைத் தேடுவதால்தான் என்கிறார்கள். என் ஓட்டு இவர்களுக்கே. ஆனால் வரி முடிவில் சொல்லை உடைத்து எழுதும்போது பள்ளி விதியை மீறாதீர்கள்.

கே: விகுதி மேல் விகுதி ஏறுமா?

ப: தாராளமாக. 'வியோலா' ஓர் இசைக்கருவி. 'ஓனே' சேர்த்தால் பெரியது: 'வியோலோனே'. அதையே சிறிதாக்கினால் 'வியோலோன்செல்லோ'. பெரிய வியோலாவில் சிறியது! செல்லோ என்று நாம் சுருக்கிச் சொல்வது அதன் வாலை மட்டும்தான்.

கே: 'ஓனே' என்று முடிந்தாலே பெரியதா?

ப: ஏமாந்துவிடுவீர்கள். 'மத்தோ' பைத்தியக்காரன், 'மத்தோனே' செங்கல். 'தக்கோ' செருப்பின் குதி. 'தக்கினோ' குட்டிக் குதி அல்ல, வான்கோழி. அகராதியைப் பார்க்காமல் வேரைப் பிடுங்காதீர்கள்.

கே: வாய் வலிக்க ஒரு சொல்?

ப: ப்ரெ-சி-பி-தே-வோ-லிஸ்-ஸி-மே-வோல்-மென்-தே. 'தலைதெறிக்கும் வேகத்தில்' என்று பொருள். 26 எழுத்து, 11 அசை. இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் பெருங்காவியத்துக்கு எடுத்துக்கொண்ட அடியின் அளவும் 11 அசைதான். எனவே இந்த ஒற்றைச் சொல்லே ஒரு முழு அடியை நிரப்பிவிடும்.