நானும் ஒரு மிராசுதார்

எனக்கு ஆகாயத்தில் நிலம் இருக்கிறது. சிரிக்க வேண்டாம். கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கொன்றில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே எழுதிக் கொடுத்த பட்டா அது. வான் அலைகள் பொதுச்சொத்து, பொதுமக்கள் நன்மைக்காகவே அவற்றை நிர்வகிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. பொதுமக்களில் நானும் ஒருவன், ஆகவே நானும் மிராசுதார். விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அப்போதே தெரிந்திருந்தால் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி ஒன்றாவது வாங்கி வைத்திருப்பேன்.

நிலம் என்னுடையது, பார்த்துக்கொள்வது காரியஸ்தர். தொலைத்தொடர்புத் துறை குடியிருக்கும் தில்லி சஞ்சார் பவனில் அவருக்கு அலுவலகம். தேர்தலுக்குத் தேர்தல் தோள் துண்டின் நிறம் மாறலாம், கணக்கெழுதும் கை மாறாது. குத்தகைக்கு எடுத்திருப்பவர்கள் செல்போன் கம்பெனிக்காரர்கள். ஊர் வழக்கப்படி குத்தகைதாரர் நெல் அளப்பார், மிராசுதார் வாங்கிக்கொள்வார். என் மிராசில் நான் அளக்கிறேன், அவர் வாங்கிக்கொள்கிறார். அதுவும் 28 நாளுக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு 13 போகம். முப்போகம் கண்ட தஞ்சாவூர்க்காரர்கள் கேட்டால் வயிறெரிவார்கள். மாதத்துக்கு முப்பது நாள் என்பதை நினைவூட்டவே 2022இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் ஆணை போட வேண்டியிருந்தது.

காரியஸ்தரின் கைவரிசை தெரிய வேண்டுமானால் 2008 ஜனவரி 10ஆம் தேதிக்குப் போக வேண்டும். முந்தி வந்தவருக்கு முதல் இலை என்று 2ஜி உரிமங்களுக்குப் பந்தி விரித்தார். விலை, நாடு முழுமைக்கும் 1,658 கோடி ரூபாய். 2001இல் நிர்ணயித்த விலை அது. ஏழு வருஷத்தில் புளி விலை ஏறியது, பருப்பு விலை ஏறியது, ஆகாயத்தின் விலை அசையவில்லை. பிற்பகல் மூன்றரைக்கு வா, நாலரைக்குள் வராவிட்டால் இல்லை என்று அன்றைக்கே அறிவிப்பு. அறிவிப்புக்கு முந்தைய தேதிகளிலேயே எடுத்த வரைவோலையோடு சிலர் தயாராக வந்தார்கள் என்று தணிக்கை அறிக்கை பிற்பாடு சொன்னது. கனவில் குலதெய்வம் வந்து சொல்லியிருக்கும்.

போனது 122 உரிமங்கள். இழப்பு 1.76 லட்சம் கோடி என்றார் தலைமைத் தணிக்கையாளர். ஒரு பைசா இழப்பில்லை என்றார் அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் கபில் சிபல். தன்னிச்சையாகக் கொடுத்தவை என்று 2012 பிப்ரவரியில் 122ஐயும் ரத்து செய்தது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு நவம்பரில் மறு ஏலம் விட்டார்கள். கிடைத்தது 9,407 கோடி. 2017 டிசம்பரில் இதற்காக வழக்கில் நின்ற, 2008இல் அமைச்சராக இருந்த ஆ.ராசா, கனிமொழி உள்பட எல்லாரும் விடுதலை. நிரூபிக்க ஆதாரமில்லை என்றது தனி நீதிமன்றம். சிபிஐயின் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்கவே 2024 ஆகிவிட்டது. ஆக, கொடுத்தது தப்பு, கொடுத்ததில் குற்றமில்லை. என் நிலத்தின் மதிப்பு 1.76 லட்சம் கோடிக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே எங்கோ ஒரு வரப்பில் கிடக்கிறது.

அந்த 1,658 என்ற எண்ணுக்குச் சாவே கிடையாது. 2010இல் அகன்ற அலைவரிசை ஏலம் நடந்தது. இன்ஃபோடெல் என்ற சின்னஞ்சிறு கம்பெனி 12,848 கோடி கேட்டு நாடு முழுமையையும் எடுத்தது. எடுத்த கையோடு அது ரிலையன்ஸ் வசமானது. இணையத்துக்கு மட்டும் என்று வாங்கிய அலையில் பேச்சும் பேசிக்கொள்ளலாம் என்று 2013இல் அனுமதி கிடைத்தது. அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? அதே 1,658 கோடி. பந்தி வைத்ததற்கு வழக்குப் போட்ட தேசம், மிச்சச் சோற்றை அதே விலைக்கு எடுத்துக் கட்டிக் கொடுத்தபோது கொட்டாவி விட்டது.

அதற்குப் பிறகு காரியஸ்தர் ஞானம் பெற்று ஏலப் பக்தரானார். எங்கள் பக்கத்தில் ஏரிக்கரைப் புளியமரத்தை ஏலம் விடுகிறவருக்குக்கூட ஒரு கணக்கு உண்டு. கேட்பு விலையை மரத்தைவிட உயரமாக வைத்தால் ஆள் வரமாட்டான், புளி உதிர்ந்து மண்ணாகும். இந்த ஞானம் சஞ்சார் பவனுக்கு எட்டவில்லை. 700 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரைத் துளைக்கும், கிராமத்துக்கென்றே படைத்தது மாதிரி. 2016இல் அதற்கு ஒரு மெகாஹெர்ட்ஸ் 11,485 கோடி என்று விலை வைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. 2021இலும் யாரும் தொடவில்லை. 2022இல் விலையைக் குறைத்த பிறகுதான் ஒரே ஒரு நிறுவனம் வாங்கியது. ஆறு வருஷம் அந்த நிலம் தரிசு. நெல்லென்றால் புழுத்தாவது போயிருக்கும், அலை புழுப்பதில்லை என்பதால் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

2022 ஏலத்தில் 1,50,173 கோடி வந்தபோது தண்டோரா போட்டார்கள். 2024 ஜூனில் 96,000 கோடிக்கு மேல் மதிப்புள்ள அலையைக் கடைவிரித்து, இரண்டாம் நாளே 11,340 கோடியோடு மூட்டை கட்டினார்கள். தண்டோராக்காரருக்கு அன்று தொண்டை கட்டிவிட்டது. கேட்க வந்தவர்களே மூன்று பேர். ஏலம் முடிந்தது 26ஆம் தேதி. மறுநாளே ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது, ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் பின்னாலேயே. அலைக்கு அதிகம் கொடுத்தோம், அதனால் கட்டணம் ஏறுகிறது என்பது பழைய பாட்டு. அலை விலைபோகாத வாரத்திலும் கட்டணம் ஏறும் என்பது புதுப்பாட்டு.

அந்த மூவரில் ஒருவருக்குக் குத்தகை பாக்கி கட்ட முடியவில்லை. காரியஸ்தர் ஜப்தி செய்யவில்லை. பாக்கிக்குப் பதில் அவர் கடையிலேயே பங்கு எழுதி வாங்கிக்கொண்டார். 2025 ஏப்ரலில் மட்டும் 36,950 கோடி பாக்கி பங்காக மாறியது. அதோடு வோடஃபோன் ஐடியாவில் அரசின் பங்கு 48.99 சதவீதமானது. நூறு நாள் மின்கட்டணம் கட்டாமல் இருந்துபாருங்கள், மின்வாரியம் உங்கள் வீட்டில் பங்குதாரராகச் சேர்கிறதா, ஃபியூஸைப் பிடுங்கிப் போகிறதா என்று தெரியும்.

அதே வேளையில் வீட்டு மாடு தொழுவத்தில் கிடந்தது. தனியாரின் 4ஜி 2012இலேயே கொல்கத்தாவில் தொடங்கிவிட்டது. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலை கொடுக்கலாம் என்று முடிவெடுக்கவே 2019 ஆனது. அந்த மாடு நாடு முழுக்க 4ஜி ஓடத் தொடங்கியது 2025 செப்டம்பரில். பதிமூன்று வருஷம் வைக்கோல் போடாமல் கட்டிவைத்துவிட்டு, பாருங்கள், பால் கறக்காத சோம்பேறி மாடு என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள். 78,000 ஊழியர்களுக்கு மேல் விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். மூன்று தவணையில் மொத்தம் 3.22 லட்சம் கோடி உதவி என்று அறிவிப்பு. அதில் 89,047 கோடிக்கான தவணை, அரசு தன் அலையைத் தன் கம்பெனிக்கே கொடுத்து எழுதிக்கொண்ட கணக்கு. வலது மடியிலிருந்து இடது மடிக்கு மாற்றியதும் தர்மத்தில் சேர்த்தி.

இந்தக் கூத்தெல்லாம் பணக்காரர் வீட்டு விவகாரம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று உண்டு. கம்பெனிகளின் வருவாயில் ஐந்து சதவீதத்தைக் கிராமத்தின் பெயரைச் சொல்லி 2002 முதல் காரியஸ்தர் எடுத்து வைக்கிறார். அந்த ஐந்து சதவீதமும் கடைசியில் என் ரீசார்ஜ் காசுதான். அதில் பெரும்பங்கு பல வருஷம் செலவாகாமல் கஜானாவில் தூங்கியது. அந்த நிதியில் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை போடும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒப்புதல். செலவு 20,000 கோடி, கெடு இரண்டு வருஷம். 2015இல் பாரத்நெட் என்று பெயர் சூட்டு விழா நடந்தது. 2020 சுதந்திர தின உரையில் 1,000 நாளில் ஆறு லட்சம் கிராமங்களுக்கும் என்றார் பிரதமர். அந்த ஆயிரமாவது நாள் 2023 மே மாதத்தில் வந்து, யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மூன்றே மாதத்தில் இன்னொரு 1,39,579 கோடிக்கு ஒப்புதல். இங்கே தமிழ்நாட்டிலும் குறைவைக்கவில்லை. 12,525 ஊராட்சிகளுக்கான டெண்டரில் போட்டியைச் சுருக்கும் நிபந்தனைகள் என்று புகார் எழுந்து, மத்திய அரசு சொல்லி 2020இல் அதையே ரத்து செய்தார்கள்.

அறிக்கைகளில் ஒரு சொல் வரும்: 'சர்வீஸ் ரெடி'. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகள் சர்வீஸ் ரெடி. சர்வீஸ் இருக்கிறதா என்று கேட்டால் ரெடி என்பார்கள். அடுப்பு ரெடி, அண்டா ரெடி, அகப்பை ரெடி, சோறு கேட்கிறவன் தேசவிரோதி. நான் பார்த்த ஓர் ஊராட்சி அலுவலகத்திலும் கண்ணாடி இழை இணைப்புக்கான பெட்டி சுவரில் இருந்தது. பேட்டரியைக் காணோம். மேலே ஒரு குளவி மண்ணால் வீடு கட்டியிருந்தது. செயலர் தன் சொந்த போனின் ஹாட்ஸ்பாட்டில் அரசாங்க வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

நெட் கொடுக்க வக்கில்லாத அதே காரியஸ்தர்தான், நெட் இல்லாமல் கூலி இல்லை என்று சட்டம் போட்டார். நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களைக் காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள். போட்டோ ஏறாவிட்டால் வராத கணக்கு. மண் வெட்டிய கைக்குச் சாட்சி மண் இல்லை, வெட்டிய குழி இல்லை, டவர்.

அந்த வருஷக் கோடையில், குளவி வீடு கட்டிய அதே ஊரின் வாய்க்கால் மேட்டில் ஒரு நாள் நின்றிருந்தேன். நாற்பது பெண்கள் வரிசையில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, வெயிலில். பொறுப்பாளர் பெண் போட்டோ எடுத்துவிட்டு போனைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். டவர் இல்லை. வேலமரத்தடிக்குப் போனாள், இல்லை. "டேங்க் மேல ஏறிப் பாரு கண்ணு, அங்கதான் எடுக்கும்" என்றார் வரிசையில் நின்ற ஒரு பாட்டி. தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். கீழே நாற்பது மிராசுதாரிணிகள், அண்ணாந்து தங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி ஏணியில் நின்று திரையைப் பார்த்தாள். போட்டோ சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் ஒரு குறுஞ்செய்தி மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. இன்று நள்ளிரவோடு அவளுடைய பேக் முடிகிறதாம்.